இரண்டு அம்மாக்கள், ஒரே வீடு: ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

"அவர்கள் இருவரும் ரிட்டையர் ஆகி வீட்டில்தானே இருக்கிறார்கள்" என்று உறவில் யாராவது பேச ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. திருச்சியில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. மாமியார் எப்போதும் எங்களோடு இருந்தவர், இப்போது 88 வயது. ஊரில் தனியாக இருந்த என் அம்மாவும் 83 வயதில் வந்து சேர்ந்தார். பார்த்துக்கொள்ள, அறுபதைத் தாண்டிய நாங்கள் இருவர்.

பாசத்தைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. நாங்கள் அல்லாடியதெல்லாம் காகிதத்திலும் காசிலும் காலக்கெடுவிலும்தான். அந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கீழே உள்ள வரிசையைக் காரணத்தோடுதான் போட்டிருக்கிறேன். அம்மாவால் கையெழுத்துப் போட முடிகிற, கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிற காலத்துக்குள் முடிக்க வேண்டியவை முதலில் வருகின்றன. கட்டிலும் மெத்தையும் பணம் கொடுத்தால் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும். கையெழுத்து அப்படி வராது.

1. ஆளுக்கொரு ஃபைல்

இரண்டு நிறத்தில் இரண்டு ஃபைல் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஆதார், பான், வாக்காளர் அட்டை, ஓய்வூதியக் கொடுப்பாணை (பிபிஓ என்று கேட்பார்கள்), வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கணவரின் இறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. மூலப் பிரதிகள் பீரோவில் இருக்கட்டும். ஃபைலில் நகல்கள் போதும்.

பிறகு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு ஓரிடத்தில் அப்பாவின் இனிஷியல், இன்னோரிடத்தில் கணவரின் இனிஷியல், மூன்றாவது இடத்தில் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' என்று இருக்கும். ஆதாரில் பிறந்த தேதி பெரும்பாலும் யாரோ உத்தேசமாகச் சொல்லிப் போட்டது. இது ஏன் முக்கியம் என்பது மூன்றாவது படியில் தெரியும்.

ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணையும் பாருங்கள். காலமான அப்பாவின் பழைய எண்ணாக இருக்கலாம். அல்லது பெங்களூருவில் இருக்கும் தம்பியின் எண்ணாக இருக்கலாம். ஓ.டி.பி. அங்கே போய்க்கொண்டிருந்தால் இங்கே ஒரு வேலையும் நடக்காது. ஆதார் சேவை மையத்தில் எண்ணை மாற்ற 75 ரூபாய். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் ஏற்பாடும் உண்டு. அதற்கு 700 ரூபாய், அதே முகவரியில் இரண்டாவது ஆளுக்கு 350. இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

2. வங்கி: மறதி வருவதற்கு முன்

அம்மாவின் சேமிப்பும் வைப்புநிதியும் தனிப் பெயரில் இருந்தால், மகனோ மகளோ சேர்ந்த கூட்டுக் கணக்காக, 'இருவரில் யாரும் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற முறையில் மாற்றிவிடுங்கள். குடும்ப ஓய்வூதியம் வரும் கணக்கைப் பெரும்பாலான கிளைகள் தனிப் பெயரில்தான் வைத்திருக்கச் சொல்லும். அங்கே முட்டி மோத வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். மாதாமாதம் ஒரு தொகை அதிலிருந்து கூட்டுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு ஒன்று கொடுத்துவிட்டால் போதும். வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள். பல கணக்குகளில் காலமான கணவர் பெயரே இன்னும் இருக்கும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

பொறி இங்கேதான் இருக்கிறது. "பவர் எழுதி வாங்கிவிட்டோம், கவலையில்லை" என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் நம் சட்டப்படி அந்த அதிகாரப் பத்திரமும் செல்லாமல் போகிறது. எந்த நாளுக்காக எழுதி வாங்கினோமோ அந்த நாளில் அது உதவாது. அதன் பிறகு அம்மாவின் பெயரில் உள்ள பணத்தைத் தொட வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலர் நியமனம் கேட்டு மனுப் போட வேண்டியிருக்கும். வக்கீல் கட்டணம், மருத்துவக் குழு, மாதக்கணக்கான காத்திருப்பு என்று அது நீளும். கூட்டுக் கணக்குக்கு ஆவது ஒரு காலைப் பொழுது.

கை நடுங்கிக் கையெழுத்து மாறிவிட்டால் பதற வேண்டாம். கைரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கவுன்ட்டரில் "அப்படியெல்லாம் கிடையாது" என்றால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பதிலின் தொனியே மாறும்.

3. ஓய்வூதியம்: இரண்டு அம்மாக்கள், இரண்டு நாள்காட்டி

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். மாமனார் அரசுப் பள்ளி ஆசிரியர். ஆகவே ஒருவருக்கு ஒன்றிய அரசின் குடும்ப ஓய்வூதியம், மற்றவருக்கு மாநில அரசினுடையது. ஒன்றிய அரசு ஓய்வூதியர் நவம்பரில் வாழ்நாள் சான்று தர வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். தமிழ்நாடு அரசில் இதற்கு நேர்காணல் என்று பெயர்; அது குடும்ப ஓய்வூதியர்களுக்கு அந்த ஓய்வூதியம் தொடங்கிய மாதத்தில் வருகிறது. பி.எஃப். ஓய்வூதியமாக இருந்தால் ஆண்டின் எந்த நாளிலும் தரலாம், அன்றிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். சுவர்க் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டுவிடுங்கள்.

நேரில் அழைத்துப்போக வேண்டியதில்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன. தபால்காரரை வரச் சொன்னால் வீட்டிலேயே விரல் ரேகை வைத்து முடித்துவிடுவார்; 70 ரூபாய். அல்லது உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் ஜீவன் பிரமாண் செயலியையும் ஆதார் முக அடையாளச் செயலியையும் இறக்கி நீங்களே செய்யலாம், செலவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது, அதனால் முகவழிதான் எங்களுக்குச் சரிப்பட்டது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். கண்ணை இமைக்கச் சொல்லும். கண்புரை அறுவை செய்தவர்கள் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஓய்வூதியம் அனுமதித்த துறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானமாகப் பாருங்கள். அங்கே தவறினால் சான்று வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். மறுமணம் செய்துகொண்டீர்களா என்று ஒரு கேள்வியும் வரும். 88 வயது மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டிய என் கணவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, முதல் படியில் சொன்ன பிறந்த தேதிக்கு வருகிறேன். 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். ஒன்றிய அரசுக் கணக்கில் 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறில் நூறு. இது குடும்ப ஓய்வூதியத்துக்கும் உண்டு. ஆனால் பழைய கொடுப்பாணைகளில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. தேதி இல்லையென்றால் வங்கியின் கணினிக்கு உங்கள் அம்மாவுக்கு வயதே ஆகாது. யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். பான், ஆதார், பாஸ்போர்ட் போன்ற சான்றோடு விண்ணப்பம் எழுதி, வங்கியின் ஓய்வூதியப் பிரிவுக்கோ கருவூலத்துக்கோ கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 80 கடந்திருந்தால் நிலுவையையும் சேர்த்துக் கேளுங்கள்.

4. உயில், வீடு

இதைப் பேசவே பலருக்குக் கூச்சம். மாமியாரே ஒருநாள், "நான் செத்த பிறகு நீங்கள் அடித்துக்கொள்வதை என்னால் மேலிருந்து பார்க்க முடியாது" என்று ஆரம்பித்து வைத்தார். எங்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. நீங்களாகத் தொடங்க வேண்டியிருந்தால், உங்கள் உயிலை முதலில் எழுதுங்கள். அதைச் சாக்காக வைத்துப் பேச்சை எடுக்கலாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுகிறவர்கள் சாட்சி போட வேண்டாம். வயதில் அம்மாவைவிடச் சிறியவர்களாகப் பாருங்கள். சாட்சியே முந்திக்கொண்டால் சிரமம். மனத்தெளிவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் அதே தேதியில் ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. படுக்கையில் இருப்பவர்களுக்கு சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு.

உயிலையும் செட்டில்மென்ட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் பதிவானால் வீடு அன்றே கைமாறிவிட்டது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000 என்று 2023இல் உயர்த்தினார்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழியைத் தருகிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் பெயருக்கே எழுதுவதாக இருந்தாலும் இதைச் சேருங்கள். உடன்பிறந்தவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

5. மருத்துவம்

காப்பீட்டில் முதலில் ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள். அரசு ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்தம் செய்யும் மருத்துவக் காப்பீடு குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு, அட்டை யாரிடமோ இருக்கும். ரயில்வே குடும்பமென்றால் ஓய்வுக்குப் பின்னான மருத்துவத் திட்டமும் அதற்கான அடையாள அட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வூதியமே இல்லாத வீடுகளுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். 70 வயது கடந்த எல்லாருக்கும் வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் ரூபாய் வரை என்ற ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபரில் தொடங்கியது. அதை நம்பி ஆம்புலன்ஸ் ஏறுவதற்கு முன், நீங்கள் போகும் மருத்துவமனை ஏற்கிறதா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். சென்னைக்காரர்களுக்கு கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி முதல் இயங்குகிறது.

இருதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என்று போனால் மூவரும் தனித்தனியாக எழுதுவார்கள். அவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பொது மருத்துவர் ஒருவரிடம் வருடத்துக்கு இரண்டு முறை, "இதில் எதை நிறுத்தலாம்?" என்று கேளுங்கள்.

ஒரு அறிகுறியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நேற்று வரை சரியாக இருந்தவர் இன்று திடீரென்று ஆளைத் தெரியாமல் பேசினால், "வயதாகிவிட்டது, மறதி" என்று விட்டுவிடாதீர்கள். மறதிநோய் ஒரே இரவில் வருவதில்லை. சோடியம் குறைந்திருக்கலாம்; நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜம். அல்லது சிறுநீர்த் தொற்றாக இருக்கும். மாமியார் ஒரு மாலை தன் மகனைப் பார்த்து "நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்டார். சோடியம் 118 என்று வந்தது. இயல்பு அளவு 135 முதல் 145. சிகிச்சைக்குப் பின் எல்லாரையும் அடையாளம் தெரிந்து, பழையபடி திட்டவும் ஆரம்பித்தார். இரத்தம், சிறுநீர் இரண்டும் சில நூறு ரூபாயில் முடியும் பரிசோதனைகள். அன்றே செய்யுங்கள்.

6. வீட்டுக்குள் இடம், சாப்பாடு, சம்பந்தி மரியாதை

குளியலறைதான் முதல் செலவு. கழிப்பிடத்தின் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என்று எஃகுக் கைப்பிடி போடுங்கள். உறிஞ்சியில் ஒட்டுகிற வகை வேண்டாம். சுவரில் துளையிட்டு முடுக்கியதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள், இரவில் எரியும் சின்ன விளக்கு, படுக்கை அருகே கமோடு நாற்காலி. எல்லாமாக எங்களுக்கு எட்டாயிரம் ரூபாய்க்குள் ஆனது.

படுக்கையில் விழுந்துவிட்டால் காற்று மெத்தை. மூவாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அதன்மேல் ரெக்சின், அதன்மேல் மடித்த போர்வை, அதன்மேல் பழைய புடவை என்று அடுக்கினால் மெத்தை வாங்கியதற்குப் பயனில்லை, ஒரே ஒரு மெல்லிய விரிப்பு போதும். மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மின்சாரம் போனால் காற்று இறங்கும், அந்தப் பிளக்கை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள்.

சம்பந்திகள் இருவர் ஒரே கூரையின் கீழ் இருப்பது நம் வழக்கத்தில் இல்லாத விஷயம். மருமகன் வீட்டில் தங்குவதே என் அம்மாவுக்குக் கூச்சம். மருமகன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டின் முன் உட்காருவார். எட்டு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, மருமகன் ஒன்பதரைக்குச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்ததில் ஒருநாள் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டிவிட்டது. "மாப்பிள்ளை சாப்பிடட்டும்" என்பதற்கு மருத்துவர் சொல்லியும் பலனில்லை. கடைசியில் என் கணவர் தன் சாப்பாட்டு நேரத்தை எட்டேகாலுக்கு மாற்றிக்கொண்டார். மரியாதையை மாற்றுவதைவிட நேரத்தை மாற்றுவது எளிது.

முடிந்தால் தனி அறை, இல்லாவிட்டால் தனி அலமாரியாவது கொடுங்கள். டிவி இரண்டு வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓய்வூதியத்திலிருந்து வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை தர அம்மா விரும்பினால், வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு அம்மாக்களிடமும் ஒரே தொகை, ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியும்படி. அதன் பிறகுதான் என் அம்மா இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

7. உதவிக்கு ஆள்

ஏஜென்சியில் பேசும்போது 'நர்ஸ்' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். அனுப்புவது பெரும்பாலும் பயிற்சியில்லாத பராமரிப்பாளராக இருக்கும். மூக்குக்குழாய், சிறுநீர்க் குழாய், இன்சுலின் இவற்றில் எதைச் செய்யத் தெரியும் என்று வரும் பெண்ணிடமே கேளுங்கள். எங்கள் பக்கத்தில் பகல் நேரத்துக்கு மாதம் 13,000 முதல் 16,000, வீட்டோடு தங்குபவருக்கு 20,000 முதல் 26,000 வரை கேட்கிறார்கள். பதிவுக் கட்டணமும் முன்பணமும் தனி. ஆள் பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள், முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தங்கி வேலை செய்பவர் என்றால் 24 மணி நேரமும் விழித்திருப்பார் என்று பொருளில்லை. இரவில் தொடர்ந்து ஆறேழு மணி நேரம் தூங்கவிடாவிட்டால் இரண்டாவது வாரம் பெட்டியைக் கட்டிவிடுவார், அதில் அவர் தவறு எதுவுமில்லை. ஆதார் நகல் வாங்கி, தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பியுங்கள். நகைகளை லாக்கரில் வைத்துவிட்டால் யார் மீதும் சந்தேகப்படும் அவசியம் வராது.

8. கணக்கு, வரி, உடன்பிறந்தவர்கள்

ஒவ்வொரு அம்மாவுக்கும் தனித்தனி நோட்டு. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், பணம் தராதவர்களுக்கும் சேர்த்து. அனுப்பும்போது குறிப்பு எதுவும் எழுத வேண்டாம். டயாப்பர் மட்டும் மாதம் மூவாயிரம் என்பதை எண்ணாகப் பார்த்த பிறகு சிலரிடம் மாற்றம் வரும், சிலரிடம் வராது.

வருமான வரியில் ஒரு பொறி. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தையோ, காப்பீடு இல்லாத மூத்த பெற்றோரின் மருத்துவச் செலவையோ 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். இதில் 'பெற்றோர்' என்றால் உங்களைப் பெற்றவர்கள் மட்டுமே. மாமியார், மாமனார் சேர மாட்டார்கள். ஆகவே என் அம்மாவின் மருந்துச் செலவை என் கணக்கிலிருந்து நானும், மாமியார் செலவைத் தன் கணக்கிலிருந்து என் கணவரும் கட்டுகிறோம். ரொக்கமாகக் கொடுத்த மருத்துவச் செலவு கழிவுக்கு வராது; மருந்துக் கடையில் ஜி.பே.யில் கட்டி, நோயாளி பெயரில் பில் வாங்குங்கள்.

இன்னொன்று. மரணம் நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் நேர்ந்தால் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் காரணச் சான்று தேவைப்படும். அந்த மருத்துவர் வீட்டுக்கு வருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். மரணத்துக்குப் பிறகு கணக்கில் விழும் ஓய்வூதியத்தை ஏடிஎம் அட்டை கையில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், வட்டியோடு கடிதம் வரும்.

9. நீங்கள் இருவரும்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எல்லாரும் கடைசியில்தான் வைக்கிறார்கள். ஓய்வுக்குப் பின் காசி, ராமேஸ்வரம் என்று போட்ட திட்டமெல்லாம் அப்படியே இருக்கும். ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் மற்றவர் வீட்டுக்காவல். இரவு முறையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருநாள் நான் எழுந்திருப்பேன், மறுநாள் அவர். எழாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். உங்கள் சர்க்கரை, அழுத்தப் பரிசோதனைக்கான தேதிகளும் அதே காலண்டரில் இருக்கட்டும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது பத்து நாள் உடன்பிறந்தவர் ஒருவர் இங்கே வந்து இருக்க வேண்டும் என்பதைத் தை மாதமே பேசி முடியுங்கள். கோடை விடுமுறை நெருங்கிய பிறகு கேட்டால் ஆளாளுக்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். அம்மாக்களை அங்கே அனுப்புவதைவிட அவர்கள் இங்கே வருவதே மேல். பழகிய குளியலறை, பழகிய கட்டில். கிளம்புவதற்கு முன் மாத்திரைப் பெட்டியைப் பத்து நாளுக்கும் நீங்களே நிரப்பிவிடுங்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மருத்துவர் எண், 108, மாத்திரை நேரம், எந்த அம்மாவுக்குக் காபியில் சர்க்கரை கிடையாது என்பது. என் நாத்தனாருக்கு அது போதவில்லை. அவரை முதல் நாளே வரவழைத்து, இன்சுலின் போடுவதை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக வைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினோம்.